பாட்டு நிற்கவே மாட்டேன் என்கிறது

மந்தாரக்குப்பம்
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, அதையும் சுகத்திலேயே சேர்த்துக்கொள். அங்கே நீ சுகம் என்று ஒவ்வொரு தடவையும் போனை எடுத்தவுடன் நான் கேட்பதற்கு முன்னாடியே சொல்லிவிடுகிறாய், அது நிஜம்தானா என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், நீயும் ரெண்டு வார்த்தைக்குமேல் போனால் அப்புறம் பேசறேன்பா என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் விரல் ஒரு எழுத்தை அழுத்தினால் பக்கத்து எழுத்து வந்து விழுகிறது, நாலு வரி அடிப்பதற்குள் சொல்ல வந்ததே மறந்துபோகிறது. நல்லவேளையாக நம் ராயப்பன் மகள் இசைப்பிரியா மேல்படிப்புக்கு உன் ஹாம்பர்க்குக்கே வருகிறாள், இந்த வாரம் கிளம்புகிறாள். அவளிடம் முந்திரியும் எள்ளுப்பொடியும் கொடுத்தனுப்புகிறோம், கூடவே இதையும். முந்திரி முத்தாண்டிக்குப்பத்தில் உன் அத்தை வீட்டிலிருந்து வந்தது, உடைசல் இல்லை, எல்லாம் முழுசு. ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் கொடு என்று அம்மா சொல்லச் சொன்னாள். ஆபீசைப் பற்றி நான் எழுத வேண்டியது தனியாக இருக்கிறது, கொஞ்சம் பொறு, வருகிறேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோதுதான் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கே வாடகைக்கு வந்தோம், இன்னும் எனக்கு இந்த வீடு பழகவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் சமையல்கட்டு என்று நினைத்துக்கொண்டு சுவரில் போய் முட்டுகிறேன். ரிட்டயர் ஆனவன் ஒரு இடத்தில் உட்கார வேண்டியதுதானே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். நான் என்ன உட்காராதவனா, மைன்ஸில் கரி போகிற கன்வேயர் பெல்ட் கேபினில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டினவன்தான், ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தால் அது வேலை, இங்கே உட்கார்ந்திருந்தால் அது என்ன என்று எனக்குப் பெயர் தெரியவில்லை. அதனால் நடக்கிறேன். பால் வாங்கப் போகிறேன், வந்து சேர்ந்ததும் கருவேப்பிலை வாங்கப் போகிறேன், அம்மா ஒன்றும் வாங்கிவரச் சொல்லாவிட்டாலும் மார்க்கெட் வரைக்கும் போய்த் தக்காளியை விலை கேட்டுவிட்டு வருகிறேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள், எதுக்குங்க பொறியில மாட்டுன எலி மாதிரி சுத்திகினே இருக்கிறீங்க, செத்த நேரம் ஒரு எடத்துல குந்துங்க என்கிறாள். நீயும் அதைப் பார்த்துவிட்டுத்தானே கிளம்புகிற அன்று, அப்பா இதக் கேட்டுகினு ஒக்காந்திரு என்று உன் அக்கவுன்ட்டை என் போனில் போட்டு அந்தப் பாட்டு ஆப்பை வைத்துவிட்டுப் போனாய்.

ஆப் எப்படிப்பா இருக்குது என்று நீ ரெண்டு மூன்று தடவை கேட்டாய், நல்லா இருக்குது என்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன். மெயின்டனன்ஸ் முடித்து பெல்ட்டைக் கொடுத்தால் முதலில் ஓட்டிப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவன் நான், ஒரு பொருளை அரைகுறையாகப் பாராட்ட எனக்கு வராது. நல்லது என்னவென்றால், கேட்ட பாட்டு கேட்ட நேரத்தில் வருகிறது, நடுவில் உரக்கம்பெனிக்காரனும் புடவைக்கடைக்காரனும் வந்து கத்துவதில்லை, சத்தம் அவ்வளவு சுத்தம், தவிலில் விரல் படுவதுகூடத் தனியாகக் காதில் விழுகிறது. இனிமேல் கெட்டது. முதல் நாளே உங்களுக்குப் பிடித்த பாடகர்களைத் தொடுங்கள் என்று வட்டம் வட்டமாக முகங்களைக் காட்டியது, எனக்குப் பாட்டைத்தானே தெரியும், முகத்தை எங்கே கண்டேன்? ஒரு பழைய பாட்டைத் தேடினால் அதே பெயரில் பத்து வருகிறது, அதில் யாரோ ஒரு புண்ணியவான் நல்ல பாட்டைப் பிடித்து இழுத்து மெதுவாக்கி, கிணற்றுக்குள் விழுந்தவன் பாடுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறான், அதை லட்சக்கணக்கில் ஆட்கள் கேட்டிருக்கிறார்களாம், என்ன கர்மமோ. பாட்டு வரி கீழே ஓடுகிறது, தப்பும் தவறுமாக. ஒரு பாட்டு முடிந்து அது மனசில் இறங்குவதற்குள் அடுத்ததைத் தானாகவே போட்டுவிடுகிறது, யார் கேட்டது? எல்லாவற்றையும்விட எனக்கு ஒப்பாதது ஒன்று. வானொலியில் பாட்டுக்கு முன்னால் நேயர்கள் பெயரை வாசிப்பார்கள், கம்மாபுரம் இன்னார், அவர் வீட்டார், பண்ருட்டி இன்னார் என்று. நம்மோடு சேர்ந்து இத்தனை பேர் இதே பாட்டைக் கேட்கிறார்கள் என்று தெரியும். இதில் நான் கேட்பது பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியாது. தனியாகச் சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

அப்படித்தான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உன் பாட்டும் என் பாட்டும் அதற்குள் கலந்து கிடப்பது தெரிந்தது. சமீபத்தில் கேட்டவை என்று ஒரு வரிசை இருக்கிறது பார், அதில் என் உடுக்கைப் பாட்டுக்கு அடியில் உன் இங்கிலீஷ் பாட்டு, அதற்கு அடியில் என் நாதஸ்வரம். அந்த ஆப்புக்கு நாம் ரெண்டு பேர் என்று தெரியாது, ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டு எனக்கு டமடமவென்று ஏதோ ஒன்றையும் உனக்கு மாரியம்மன் பாட்டையும் எடுத்து நீட்டியது. நீ சிரித்துக்கொண்டே சொன்னாயே, அப்பா மீட்டிங்குக்கு முன்னாடி ஹெட்போனை மாட்டினா திடீர்னு பம்பை அடிக்குதுப்பா, சாமி வந்துடும் போல இருக்குது என்று. அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்து அந்த நிற்கிற சமாச்சாரம். நான் பாட்டுக்கு நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், நல்ல இடத்தில் சரணம் போய்க்கொண்டிருக்கும், டக்கென்று நின்றுவிடும். வேறு கருவியில் ஓடுகிறது என்று ஒரு வரி எழுதிக் காட்டும். முதலில் எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது, எதிரே இருக்கிற செல்போன் கடைக்காரனிடம் கொண்டுபோய்ச் சண்டை பிடித்தேன், அவன்தான் சொன்னான், ஒரு அக்கவுன்ட்டுல ஒருத்தர்தான் சார் கேக்க முடியும், உங்க பொண்ணு அங்க பாட்டு போட்டா இங்க நிக்கும் என்று. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நின்றது நம் சாப்பாட்டு வேளை, உனக்கு அது காலை, நீ வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறுகிற நேரம். மறுநாளும் அதே நேரத்துக்கு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைன்ஸில் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும், சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறாய். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், ஷிப்ட் முடிந்துவிட்டது என்று சங்கு ஊதினாலும் அடுத்த ஷிப்ட் ரிலீவர் வந்து கேபினில் ஏறி நாற்காலியில் கையை வைக்காமல் நாம் இறங்கக் கூடாது. எனக்கு ரிலீவர் ராயப்பன். அவன் தலை படிக்கட்டில் தெரிந்தால்தான் எனக்குப் பசியே எடுக்கும். அன்றைக்குப் பாட்டு நின்றதும் நான் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, சாமியம்மா சோத்தைப் போடு, ரிலீவர் வந்துட்டா என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அதுவே பழக்கமாகிவிட்டது. பாட்டு நின்றால்தான் நம் வீட்டில் தட்டு வைப்பது. நீ திரும்பி வருகிறபோது இன்னொரு தடவை நிற்கும், பொண்ணு வூட்டுக்குக் கெளம்பிட்சு என்று அம்மா விளக்கை அணைப்பாள். நீ ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு படம் அனுப்பவில்லை, ஆனால் தினம் ரெண்டு வேளை வந்து போகிறாய் என்று எங்களுக்கு இருந்தது. உனக்கு இதைச் சொன்னதே இல்லை. சொன்னால் பாவம், எங்களுக்காக நேரத்துக்குப் பாட்டுப் போட ஆரம்பித்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன். ஒன்றுமில்லை, கை ஓடவில்லை. அம்மா எட்டிப் பார்த்து, என்னாங்க பரிட்சையா எழுதுறீங்க என்றாள். இனிமேல் எழுதப்போவது உனக்குப் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் படி.

ஆடி முடிந்து ஆவணி பிறந்த சமயத்தில் சாப்பாட்டு வேளைக்குப் பாட்டு நிற்கவில்லை. சரி, லீவு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுநாளும் நிற்கவில்லை. நான் பசியோடு உட்கார்ந்திருந்து கடைசியில் அம்மா வைது சாப்பிட வைத்தாள். பிறகு சாயங்காலம் டீ குடிக்கிற நேரத்துக்கு நின்றது, அது உனக்கு நடுப்பகல், ஆபீசில் தலை நிமிராமல் வேலை பார்க்கிற நேரம். நின்றது நின்றதுதான், விளக்கு வைக்கிறவரைக்கும் என்னால் ஒரு பாட்டுப் போட முடியவில்லை, போட்டால் கொஞ்ச நேரத்தில் நீ திரும்பப் பிடுங்கிக்கொள்கிறாய். வாரம் முழுக்க அப்படியே. அப்படி என்னத்தைத்தான் கேட்கிறாய் என்று அந்த வரிசையைப் பார்த்தேன். ஒரு பாட்டும் இல்லை. மழை. மழைச் சத்தம், ஜன்னலில் மழை, கூரையில் மழை, அதற்குக் கீழேயும் மழை. ஏதோ தப்பாகத் தொட்டிருப்பாய் என்று நினைத்து நானும் அதைத் தொட்டேன், போன் ஸ்பீக்கரிலேயே சடசடவென்று கொட்ட ஆரம்பித்தது, உள்ளே இருந்த உன் அம்மா அய்யய்யோ மொளகா என்று மூட்டுவலியையும் மறந்து மாடிக்கு ஓடினாள். போய்ப் பார்த்தால் வெயில் கொளுத்துகிறது. இறங்கிவந்து என்னைத் திட்டின திட்டு இருக்கிறதே, அதை இதில் எழுத முடியாது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மழை நின்றுபோனது, நீ அங்கே திரும்பப் போட்டிருக்கிறாய். நான் மறுபடி தொட்டேன். மறுபடி நீ பிடுங்கினாய். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. உன் ஊரில் எப்போது பார்த்தாலும் மழை பெய்கிறது என்று நீதானே சொல்வாய், அப்படி இருக்கிறவளுக்குப் பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு காதுக்குள் மழை எதற்கு?

மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான். அந்த வாரக் கடைசியில் போனில் கேட்டுவிட்டேன், ஏம்மா ஆபீசுக்குப் போவலியா, பகல் பூரா ஓடிகினு இருக்குதே என்று. வீட்லேர்ந்தே வேலைப்பா, கவனம் சிதறாம இருக்க மழைச் சத்தம் கேப்பாங்க எல்லாரும் என்றாய். உன் குரல் காய்ச்சல்காரர் குரல் மாதிரி இருந்தது. நான் சரிம்மா என்றேன். அதற்குப் பிறகு சரியாக நாலு நாள்கூட ஆகவில்லை, இசைப்பிரியா வந்து நிற்கிறாள், அக்கா ஒங்களுக்குத் தனியா அக்கவுன்ட் போட்டுக் குடுத்திருக்கு பெரியப்பா, இனிமே ஒங்க பாட்டு நிக்கவே நிக்காது என்று என் போனை வாங்கி என்னென்னவோ செய்துவிட்டுப் போனாள். நீயும் சந்தோஷமாப்பா என்று கேட்டு ஒரு பொம்மை அனுப்பினாய். நான் கட்டைவிரலைத் தூக்கி அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது?

புது அக்கவுன்ட்டையும் ஓட்டிப் பார்த்தேன், அதன் நல்லது கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்ததை மட்டும்தான் போடுகிறது. இங்கிலீஷ் பாட்டு குறுக்கே வருவதில்லை. வரிசையைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை எல்லாம் நான் கேட்டதுதான், என் மூஞ்சியையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. காலையில் போட்டால் நாள் பூராவும் ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. சாப்பாட்டு வேளை வந்தால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, இப்போது நிற்கும் இப்போது நிற்கும் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அது நிற்காது என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு எழுந்து நடக்கிறேன். முன்பைவிட அதிகமாக நடக்கிறேன். பழைய அக்கவுன்ட்டையே போட்டுக்கொடும்மா என்று இசைப்பிரியாவைக் கேட்டேன், அதுக்குப் பாஸ்வேர்டை அக்கா மாத்திடுச்சு பெரியப்பா என்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் பாட்டு நிற்கக்கூடாது என்று நினைத்திருந்தால் தனி அக்கவுன்ட் போதும், பாஸ்வேர்டை எதற்கு மாற்றினாய் கண்ணு?

இதற்கான பதில் எனக்கு வளவனால் கிடைத்தது. உனக்கு அவனைத் தெரியாது, பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கிற பையன், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, மனைவி, கைக்குழந்தை. தினம் காலையில் யூனிபார்மும் ஹெல்மெட்டுமாகச் சோற்று டப்பாவோடு கிளம்பிப் போவான். ஒரு நாள் நான் நடந்த நடையில் மார்க்கெட்டைத் தாண்டிப் பிள்ளையார் கோயில்வரை போய்விட்டேன், அங்கே அரசமரத்தடியில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பொழுது ஏறுவதற்குள்ளேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்ததும் டப்பாவை மூடினான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கான்ட்ராக்ட்டு முடிஞ்சிட்சு மாமா, வூட்ல சொல்லல, அது விடியல்லயே எழுந்து சோறு கட்டிக் குடுக்குது, வேலை இல்லன்னு எப்பிடி மாமா சொல்றது என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன், காதில் இருந்ததைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். இது கேட்டுகினு இருந்தா நேரம் போறது தெரியல மாமா என்று மட்டும் சொன்னான். எனக்கு அந்த இடத்திலேயே உன் மழை கேட்டது. உண்மையாகச் சொல்கிறேன், வெண்மதி, வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

வந்து அம்மாவிடம் வளவன் கதையைச் சொன்னேன், உன் பேச்சை எடுக்கவில்லை. அவள் கொஞ்சமும் அசரவில்லை. அது அந்தப் பொண்ணுக்கு மொத வாரமே தெரியுங்க என்றாள். எப்படித் தெரியும் என்றால், துணி துவைக்கிற தண்ணீர் கறுப்பாக வரவில்லையாம். யூனிபார்மில் கரி இல்லை. குழாயடியில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அதுவா வாயத் தொறந்து சொல்லட்டும்கா, அதுவரிக்கும் சோறு கட்டிக் குடுத்துகினு இருக்கேன் என்று. பார், ஒரே வீட்டில் ரெண்டு பேரும், அவன் மறைக்கிறான், அவள் தெரிந்தும் தெரியாத மாதிரி டப்பாவைக் கட்டுகிறாள். நான் இதைச் சொல்லி முடித்ததும் உன் அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அது சரி, நம்ம கொழந்த ஆபீசுக்குப் போவுதா இல்லியா என்று கேட்டாள். அவளுக்கு அக்கவுன்ட்டும் தெரியாது பாஸ்வேர்டும் தெரியாது. பாட்டு நிற்காத நாளிலிருந்து அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான் தெரியல என்றேன். அப்படியே நின்றதில் குழம்பு தீய்ந்துபோனது.

வளவன் மனைவிக்காவது துவைக்கிற தண்ணீர் இருந்தது. உன் துணி எங்கே துவைக்கிறாய், எங்கே காயப்போடுகிறாய் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு இருந்தது அந்தப் பாட்டு நிற்கிறது ஒன்றுதான், அதை நான் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேன். உன்னை வேவு பார்க்க அதை நான் கேட்கவில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் நீ அப்படி நினைத்திருந்தால் அதிலும் நியாயம் இருக்கிறது, தகப்பன் என்றாலும் வளர்ந்த பெண் பகலில் என்ன கேட்கிறாள் என்று எட்டிப் பார்ப்பது அழகில்லை. அந்த வரிசையை இனிமேல் திறக்க மாட்டேன். நீ மழை கேள், இடி கேள், ஒன்றும் கேட்காமல் இரு.

வேலை போய்விட்டது என்றால் போகட்டும். நான் நினைப்பது தப்பு என்றால் இந்த அப்பாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து மன்னித்துவிடு, நான் சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன். வேறு ஏதாவது என்றாலும், உடம்போ மனசோ எதுவாக இருந்தாலும், எங்களிடம் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, சொல்லத் தோன்றுகிறபோது சொல். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே, நம் வம்சத்தில் கழனி வேலைக்குப் போனவர்களை நாளைக்கு வராதே என்று வாசலிலேயே நிறுத்தின காலம் உண்டு, வேலை போவது நம் வீட்டில் புதுசு இல்லை, அதற்காக யாரும் மழைக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. அங்கேயே இருந்து தேடுகிறேன் என்றாலும் சரி, கொஞ்ச நாள் இங்கே வந்து இருக்கிறேன் என்றாலும் சரி, உனக்கு உள் ரூமை ஒழித்து வைத்திருக்கிறோம், வளவன் வீட்டுக் குழந்தை மட்டும் அழும். வளவன் போன வாரம் மனைவியிடம் சொல்லிவிட்டான், அவன் வீட்டில் ஒரு தட்டும் உடையவில்லை, இப்போதைக்குப் பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனிக்குப் போகிறான். டப்பா அதேதான்.

ராயப்பன் ஒரு தடவை ரிலீவ் பண்ண வரவில்லை. ஆள் இல்லை, தகவல் இல்லை. நான் இறங்கவில்லை, அவன் ஷிப்ட்டையும் சேர்த்து நானே உட்கார்ந்தேன். மறுநாள் நேரத்துக்கு வந்து படிக்கட்டில் ஏறினான், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை, நாற்காலியில் கையை வைத்தான், நான் எழுந்துகொண்டேன், அவ்வளவுதான். இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது. இப்போது அவன் மகள் கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுக்கிறேன். மைன்ஸில் நாங்கள் வந்தவனைக் காரணம் கேட்க மாட்டோம், வந்தானா என்பதுதான் கணக்கு. அதையே உன்னிடமும் கேட்கிறேன். எனக்கு இந்த நிற்காத பாட்டு வேண்டாம். பழைய அக்கவுன்ட்டிலேயே என்னைச் சேர்த்துக்கொள், பாஸ்வேர்டை அனுப்பு, எதிர்க்கடையில் கொடுத்துப் போட்டுக்கொள்கிறேன். நீ காலையில் எழுந்தாலும் சரி, மத்தியானம் எழுந்தாலும் சரி, எழுந்ததும் எதையாவது போடு. என் பாட்டு நல்ல இடத்தில் அறுந்து நிற்கட்டும். என் பெண் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, அதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. தலைக்கு எண்ணெய் வை, அங்கே யாரும் வைப்பதில்லை என்று சொல்லாதே. ரோட்டைத் தாண்டும்போது காதில் இருப்பதைக் கழற்றிவிடு. முந்திரியை ஒரே நாளில் தின்றுவிடாதே, சூடு. இசைப்பிரியாவை ரெண்டு நாளைக்கு உன்னோடு தங்க வை, அவளுக்கும் துணை, உனக்கும் ஒரு வாய் பேச்சு. கைச்செலவுக்கு வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேள். தீபாவளிக்கு உனக்கு எடுத்த சுடிதார் அம்மா பெட்டியில் இருக்கிறது, நீ வந்து போட்டுக்கொண்டாலும் அங்கே அனுப்பினாலும் அது உன்னுடையதுதான். நம் குலதெய்வம் உன் பக்கத்திலேயே நிற்கட்டும், நீ எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கட்டும், மனசு லேசாகி நீ வாய்விட்டுச் சிரிக்கிற நாள் சீக்கிரம் வரட்டும். அம்மாவின் ஆசீர்வாதமும் இதிலேயே இருக்கிறது.

பாஸ்வேர்டை மறந்துவிடாதே. மணி ஆகிவிட்டது, அம்மா தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சோறு போடவா என்று கேட்கிறாள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்கிறேன். அவளும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்படிக்கு,
நீ வருகிறவரைக்கும் இறங்காத
உன் அப்பா
கண்ணையன்